கத்துக்கோவ்: ம்த்சென்ஸ்க் முதல் பெர்லின் வரை, எவ்வளவு நிஜம்?

பழுப்புக்காகிதம்:
கிழக்குப் போர்முனை பற்றி இங்கே நிறைய இழைகள் ஓடியிருக்கின்றன. சோவியத் தரப்பு என்று வந்தால் மட்டும் ஜுக்கோவ், ரொக்கசோவ்ஸ்கி, சுய்க்கோவ் என்று மூன்று பேரோடு பேச்சு நின்றுவிடுகிறது. டாங்கித் தளபதி மிகாயில் கத்துக்கோவுக்கு ஒரு இழை வேண்டாமா?

தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1900இல் மாஸ்கோ மாகாணத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக பீட்டர்ஸ்பர்க் போய் ஒரு பால் கடையில் எடுபிடி வேலை. 1919இல் செம்படை. 1941 அக்டோபரில் ம்த்சென்ஸ்க் நகருக்கு அருகே 4ஆவது டாங்கி பிரிகேடை வைத்துக்கொண்டு ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியனின் டாங்கிகளை ஒரு வாரம் இழுத்தடித்தவர். 1941 நவம்பர் 11 அன்று அந்த பிரிகேட் 1ஆவது கார்ட்ஸ் டாங்கி பிரிகேட் ஆனது. போரில் சிறந்த அணிகளுக்குக் கொடுத்த ‘கார்ட்ஸ்’ என்ற கௌரவப் பெயரை டாங்கிப் படையில் வாங்கிய முதல் அணி அதுதான். 1943 தொடக்கத்திலிருந்து போர் முடியும்வரை 1ஆவது டாங்கி ராணுவத்தின் தளபதி. ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் இரண்டு தடவை: 1944 செப்டம்பர், 1945 ஏப்ரல். பின்னாளில் கவசப்படை மார்ஷல்.

மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலில் வந்த மலிவு விலைப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன் நான். அதில் வரும் தளபதிகள் யாரும் தோற்பதில்லை. இப்போது ஜெர்மன் ஆவணங்களும் கிடைக்கின்றன, எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தால் இந்த மனிதரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை:
மிஞ்சுவது குறைவு என்பேன். ம்த்சென்ஸ்க் சண்டை முடிந்ததும் அவர் பிரிகேட் கொடுத்த கணக்கு, எதிரி டாங்கிகள் 133 காலி என்பது. எதிரே நின்றது முக்கியமாக ஜெர்மன் தளபதி லாங்கர்மானின் 4ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷன். மாஸ்கோவைப் பிடிக்க ஜெர்மனி நடத்திய டைபூன் நடவடிக்கை தொடங்கும்போதே அதனிடம் இருந்தவை நூற்றுச் சொச்சம் டாங்கிகள்தான். 133ஐ அழித்திருந்தால் அந்த டிவிஷனே இருந்திருக்காது. ஆனால் அது அக்டோபர் 10 அன்று ம்த்சென்ஸ்க் நகருக்குள் நுழைந்தது, அப்புறம் தூலா வரையும் போனது.

பெரிய சண்டை நடந்த அக்டோபர் 6ஆம் தேதிக்கு ஜெர்மன் கணக்கு பத்து டாங்கியை ஒட்டித்தான் வருகிறது.

சித்திரைவெயில்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் குடேரியன் ஏன் இந்தச் சண்டையைப் பற்றி அவ்வளவு புலம்பினார்? அவர் நினைவுக் குறிப்புகளில் ம்த்சென்ஸ்க் பெயர் வருகிறதே.

தடமறிவோன்:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எண்ணிக்கையில் எனக்குச் சண்டை இல்லை. எரிந்த டாங்கியையும் அடிபட்டுப் பின்வாங்கிய டாங்கியையும் தூரத்தில் இருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே டாங்கியை நான்கு பேர் சுட்டால் நான்கு கணக்கு ஏறும். எல்லா நாட்டுப் படைகளிலும் இது உண்டு, சோவியத் அறிக்கைகளில் கொஞ்சம் தாராளம்.

ஆனால் சித்திரைவெயில் கேட்டதும் சரியான கேள்வி. அக்டோபர் 3 அன்று இதே டிவிஷன் ஒர்யோல் நகரைப் பிடித்தபோது தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வந்துகொண்டிருந்த படை, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருந்த ம்த்சென்ஸ்க்கை அடைய 10ஆம் தேதி வரை ஆனது. 6ஆம் தேதிச் சண்டை பற்றி எழுதும்போது குடேரியன், சோவியத் டி-34 டாங்கியின் மேன்மை அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது, தூலாவை நோக்கிய வேகமான பாய்ச்சலைக் கைவிட வேண்டியதாயிற்று என்கிறார். நவம்பரில் ஜெர்மனியிலிருந்து டாங்கி வடிவமைப்பாளர்கள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஜெர்மனி பின்னாளில் செய்த பான்தர் டாங்கியின் பூர்வகதையில் இந்தப் பயணமும் உண்டு. எத்தனை எரிந்தது என்பதை விட எத்தனை நாள் தாமதம் என்பதுதான் இங்கே எடை.

இருப்புப்பாதை:
தாமதத்தை முழுக்கக் கத்துக்கோவ் பெயரில் எழுதிவிடாதீர்கள். ஒர்யோலுக்கு வந்து சேர்ந்தபோது குடேரியனிடம் எரிபொருள் வற்றிப்போயிருந்தது, ஒர்யோல் விமானத் தளத்துக்கு வான்வழியாக எரிபொருள் கேட்டு வாங்கினார்கள். 6ஆம் தேதி இரவு முதல் பனி விழுந்தது, அதன்பின் சாலைகள் சேறாயின.

இந்தப் பக்கமும் கத்துக்கோவ் தனியாள் இல்லை. மேலே தளபதி லெல்யுஷென்கோவின் 1ஆவது சிறப்பு கார்ட்ஸ் கோர் (கோர் என்றால் பல பிரிகேடுகளும் டிவிஷன்களும் சேர்ந்த பெரிய அணி). அதன் கீழ் இன்னொரு டாங்கி பிரிகேட், ஒரு கார்ட்ஸ் ரைஃபிள் டிவிஷன், கத்யூஷா ராக்கெட் அணிகள். 5ஆவது வான்குடைக் கோரிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கத்துக்கோவின் பிரிகேட் ரயிலில் வந்தது. அந்த ரயில் இரண்டு நாள் பிந்தியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது!

பழுப்புக்காகிதம்:
இரண்டு பக்கமும் சரியான தகவல்கள், நன்றி. தடமறிவோன், அந்த ஒரு வாரம் அவர் என்னதான் செய்தார் என்று கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

தடமறிவோன்:
எழுதுகிறேன். ஆனால் ஜூன் 1941இல் தொடங்கினால்தான் அக்டோபர் புரியும்.

போர் வெடித்தபோது கத்துக்கோவ் 20ஆவது டாங்கி டிவிஷனின் தளபதி. ரொக்கசோவ்ஸ்கியின் 9ஆவது இயந்திரக் கோரைச் சேர்ந்தது அது. 22ஆம் தேதி காலை அவர் கீவ் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தார், அங்கிருந்து எழுந்து தன் படையைத் தேடிப் போனார். பெயர்தான் டாங்கி டிவிஷன். கையில் இருந்தவை சில டஜன் பழைய பிடி ரக டாங்கிகள். மெல்லிய தகடு, பெட்ரோல் எஞ்சின். கிளேவனி அருகே நடந்த முதல் எதிர்த்தாக்குதலிலேயே அவை போய்விட்டன. அதற்கப்புறம் லுத்ஸ்க் வட்டாரத்தில் வாரக்கணக்கில் அவர் காலாட்படையையும் பீரங்கிகளையும் வைத்தே சமாளித்தார்: சாலையோரம் பீரங்கியை மறைத்து வைப்பது, கிட்டே வரும்வரை சுடாமல் இருப்பது, சுட்டதும் இடம் மாறுவது.

ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு அழைத்து, ஸ்டாலின்கிராடு பக்கம் போய் 4ஆவது பிரிகேடை உருவாக்கு என்றார்கள். அங்கே டிராக்டர் ஆலையிலிருந்து டி-34கள் கிடைத்தன. குழுவினரில் பலர் எல்லையில் அடிபட்டு வந்தவர்கள், அவர் பழைய டிவிஷன் ஆட்களும் உண்டு. பயிற்சிக்குச் சில வாரங்களும் கிடைத்தன. அந்த வருஷத்தில் அது பெரிய சொத்து.

ம்த்சென்ஸ்க்கில் அவர் டாங்கிகளை வரிசையாக எதிரி மேல் ஏவவில்லை. சாலையின் இரு பக்கமும் புதர், வைக்கோற்போர், மேடு என்று ஒளித்து வைத்தார். உண்மையான வரிசைக்கு முன்னால் சில நூறு மீட்டர் தள்ளிப் பொய்யான பதுங்குகுழிகளை வெட்டச் சொன்னார். ஜெர்மன் விமானங்களும் பீரங்கிகளும் காலிக் குழிகளை உழுதுவிட்டுப் போக, பின்னால் வந்த டாங்கிகள் இருநூறு முந்நூறு மீட்டரில் பக்கவாட்டைக் காட்டின. ஒரு டாங்கி இரண்டு மூன்று குண்டு போட்டதும் பள்ளத்தில் இறங்கி அடுத்த மறைவுக்குப் போய்விடும். எதிரிக்கு அங்கே நிறைய டாங்கிகள் இருப்பதாகத் தோன்றும். 6ஆம் தேதி ‘பெர்வி வோயின்’ கிராமத்துக்கு அருகே காலாட்படை வரிசையை ஜெர்மன் டாங்கிகள் உடைத்தபோது, லவ்ரினென்கோ என்ற லெப்டினன்ட் நான்கே டி-34களுடன் பக்கவாட்டில் புகுந்து ஓட்டைகளை அடைத்தார்.

சித்திரைவெயில்:
படிக்கவே விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் டி-34 கையில் இருந்தால் யாராக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் இல்லையா? ஜெர்மன் டாங்கிக் குண்டு அதைத் துளைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்களே.

இருப்புப்பாதை:
ஜூன் 22 அன்று மேற்கு எல்லை மாவட்டங்களில் சுமார் ஆயிரம் டி-34கள் இருந்தன. சில வாரங்களில் அநேகமாக எல்லாம் போயின. பெரும்பகுதி எதிரி சுட்டு அல்ல. நூறு நூறு கிலோமீட்டர் அங்கும் இங்கும் அலைந்து கிளட்ச் போனது, டீசல் தீர்ந்தது, சதுப்பில் இறங்கியது, இழுத்து வர டிராக்டர் இல்லை. டாங்கி தானாக ஜெயிக்காது சார். 4ஆவது பிரிகேடிலும் டி-34கள் இருபதைத் தாண்டிய அளவுதான், கூடவே சில கேவி கனரக டாங்கிகள். மீதி எல்லாம் அதே பழைய இலகு ரகம்.

கணக்குப்பிள்ளை:
மறைந்திருந்து அடிக்கும் முறையைப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஒரு பிரிகேட் தளபதியின் திறமை. அறுபது டாங்கியை ஒளித்து வைப்பது வேறு, அறுநூறு டாங்கியை நடத்துவது வேறு. 1942ஐ யாரும் பேசமாட்டீர்கள், அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

வசந்தத்தில் அவருக்கு 1ஆவது டாங்கிக் கோர் கிடைத்தது. கோடையில் வரோனேஷ் திசையில் ஜெர்மன் தாக்குதல் வந்தபோது சோவியத் டாங்கிக் கோர்கள் ஒவ்வொன்றாகத் துண்டுதுண்டாகச் சண்டையில் இறங்கின, அவருடையதும் அப்படியே. அடுத்தது நவம்பரில் மார்ஸ் நடவடிக்கை, மாஸ்கோவுக்கு மேற்கே ர்ஷேவ் பகுதியில் நடந்த சோவியத் தாக்குதல். இப்போது 3ஆவது இயந்திரக் கோர். லுச்சேசா ஆற்றுப் பள்ளத்தாக்கில், காட்டுக்கு நடுவே, ஒற்றைச் சாலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். இலக்கு ஒலேனினோ–பேலி நெடுஞ்சாலை. கடைசிவரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. டிசம்பர் நடுவில் கோரின் பெரும்பாலான டாங்கிகள் காலி. பழுப்புக்காகிதம் படித்த புத்தகங்களில் இந்த அத்தியாயம் இருந்ததா?

பழுப்புக்காகிதம்:
நான் பார்த்த புத்தகங்களில் இல்லை! மார்ஸ் என்ற பெயரையே 1990களுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

தடமறிவோன்:
மார்ஸ் தோல்விதான், மறுக்க ஒன்றுமில்லை. திட்டம் ஜுக்கோவுடையது, நிலம் யாருக்கும் சாதகமில்லை. ஆனாலும் அங்கே கத்துக்கோவ் புதிதாக எதையும் செய்து காட்டவில்லை. முன்னால் போ என்றார்கள், போனார்.

எனக்கு 1942இல் சுவையாகப் படுவது வேறு. செப்டம்பரில் ஸ்டாலின் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் நினைவுக் குறிப்பின்படி, டாங்கிகள் எப்படி என்று கேட்டதற்கு இவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: டி-34 நம்பகமானது, கேவி கனமாக இருந்து பாலங்களை உடைக்கிறது, டி-60 என்ற இலகு டாங்கியின் பீரங்கி சிறியது. அடுத்து ஸ்டாலின், ஓடிக்கொண்டே சுடுகிறீர்களா என்று கேட்கிறார். இல்லை, குறி தப்பும், குண்டு வீண் என்கிறார் கத்துக்கோவ். ஸ்டாலினுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று ஓடிக்கொண்டே சுட வேண்டும் என்று டாங்கிப் படைக்கு உத்தரவே வந்துவிட்டது! நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதில் பெயர் வாங்கிய ஆளிடம் கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிராக ஓர் உத்தரவு. குலுங்கும் டாங்கியிலிருந்து சுடுவதால் எதிரிப் பீரங்கிக்காரன் தலையைக் குனிவான் என்ற வாதம் முழுக்கத் தப்பும் இல்லை, ஆனால் குண்டு விரயம் விரயம்தான்.

சித்திரைவெயில்:
லவ்ரினென்கோ என்ன ஆனார்?

தடமறிவோன்:
1941 டிசம்பர் 18 அன்று வொலகலாம்ஸ்க் பக்கம், கோர்யூனி கிராமத்துக்கு அருகே இறந்தார். சண்டை முடிந்து டாங்கியை விட்டு இறங்கித் தளபதியிடம் தகவல் சொல்லப் போகும்போது மோர்ட்டார் குண்டின் ஒரு துண்டு பட்டது. வயது 27. 52 டாங்கிகளை அழித்தவர் என்று பதிவு (கணக்குப்பிள்ளை ஐயா இதையும் பிடித்துக்கொள்வார், தெரியும்). வீரர் பட்டத்துக்குப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. கத்துக்கோவ் உட்படப் பலரும் பிறகு முயன்றார்கள். கடைசியில் 1990இல் கொடுத்தார்கள். கத்துக்கோவ் 1976இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
52ஐ இன்னொரு நாள் பிடித்துக்கொள்கிறேன். குர்ஸ்க் வாருங்கள்.

தடமறிவோன்:
குர்ஸ்க்தான் இவர் வாழ்க்கையில் ஆகப்பெரிய பரீட்சை. பிரிகேட் வேறு ராணுவம் வேறு என்ற உங்கள் வாதத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

குர்ஸ்க் பக்கம் சோவியத் வரிசை மேற்கே புடைத்து நின்றது. 1943 ஜூலை 5 அன்று அந்தப் புடைப்பின் தெற்கு முகத்தில் ஜெர்மன் தாக்குதல் தொடங்கியது. அங்கே தலைமைத் தளபதி வத்தூத்தின். அவருடைய வரோனேஷ் முனையில் முதல் வரிசை 6ஆவது கார்ட்ஸ் ராணுவம், அதன் பின்னால் கத்துக்கோவின் 1ஆவது டாங்கி ராணுவம், ஒபொயான் சாலையைக் காத்துக்கொண்டு. எதிரே ஒரு பக்கம் 48ஆவது பான்சர் கோர், புத்தம்புது பான்தர்களுடன். மறுபக்கம் நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்எஸ்ஸின் பான்சர் கோர். மறுநாள் விடியலில் டாங்கி ராணுவம் முன்னேறி எதிர்த்தாக்குதல் நடத்த வேண்டும் என்று வத்தூத்தின் உத்தரவு.

கத்துக்கோவுக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மன் கனரக டாங்கியான டைகரின் 88 மில்லிமீட்டர் பீரங்கி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து டி-34ஐத் துளைக்கும். டி-34இன் 76 மில்லிமீட்டருக்கு டைகர் மசிய வேண்டுமானால் மிக நெருங்கிப் பக்கவாட்டைப் பிடிக்க வேண்டும். திறந்த வெளியில் எதிரே போனால் அந்த நெருக்கம் வருவதற்குள் பாதி எரிந்துவிடும். டாங்கிகளை மண்ணில் கோபுரம்வரை புதைத்து, பீரங்கிகளோடு சேர்த்து, வருகிறவனை இங்கேயே அடிக்கலாம் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதன்படி ஸ்டாலினே தொலைபேசியில் கேட்க, காரணத்தைச் சொன்னார். எதிர்த்தாக்குதல் வேண்டாம் என்று முடிவானது.

அடுத்த ஒரு வாரமும் இழுபறிதான். யாக்கொவ்லெவோ பக்கத்தில் அவருடைய பழைய 1ஆவது கார்ட்ஸ் பிரிகேட் நின்று அடிவாங்கியது. ராணுவம் பலமாக இழந்தது, பின்னால் நகர்ந்தது. ஆனால் ஜெர்மானியர்கள் ஒபொயானை எட்டவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
தொலைபேசிக் கதைக்கு அவர் நினைவுக் குறிப்புதானே முதல் சாட்சி? தளபதிகள் முப்பது வருஷம் கழித்து எழுதும்போது எல்லோருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். மேலும் 1ஆவது டாங்கி ராணுவம் அந்த நாட்களில் ஒரு எதிர்த்தாக்குதலும் செய்யவில்லை என்பதும் சரியல்ல. சிறிய அளவில் அங்கங்கே நடந்தன, இழப்பும் ஏற்பட்டது.

தடமறிவோன்:
ஸ்டாலின் போன் செய்தார் என்பதை எடுத்துவிடுங்கள். ஜூலை 6 காலையில் திட்டமிட்ட பெரிய எதிர்த்தாக்குதல் நடக்கவில்லை, ராணுவம் புதைந்து நின்று சண்டை போட்டது. அது நடந்த விஷயம், நினைவுக் குறிப்பை நம்பி நிற்கவில்லை.

ஆறு நாள் கழித்து ஜூலை 12 அன்று பக்கத்துப் புரொகோரொவ்காவில் ரொத்மிஸ்த்ரோவின் 5ஆவது கார்ட்ஸ் டாங்கி ராணுவம் திறந்த வெளியில் பாய்ந்தது. ஒரே நாளில் அடிபட்டுப்போன டாங்கிகளும் தானியங்கிப் பீரங்கிகளும் முந்நூறுக்கும் மேல். ஸ்டாலின் விசாரணைக் குழுவே அமைத்தார். ஆனால் புகழ் போனது புரொகோரொவ்காவுக்கு! கோபுரம் வரை புதைந்து நின்ற ஒபொயான் சாலைக்கு யார் ஓவியம் வரைவார்கள்?

இருப்புப்பாதை:
இதை ஏற்கிறேன். அந்த ராணுவத்தில் தாக்கச் சொன்னால் தாக்குகிறவனுக்குத்தான் பதக்கம், இப்போது வேண்டாம் என்றவனுக்குக் கோழைப்பட்டம். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் பதவியில் இருந்தவர் சிலரே.

அதன்பின் வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1943 ஆகஸ்டில் பெல்கொரோத், பொகொதூகொவ். டிசம்பரில் கஸாத்தின். 1944 மார்ச்சில் நீஸ்டர் ஆற்றைக் கடந்து செர்னொவித்ஸி. ஏப்ரலில் ராணுவத்துக்கே கார்ட்ஸ் பெயர். கோடையில் ல்வோவ்–சாந்தொமிர், விஸ்துலாவைக் கடந்து அக்கரையில் காலூன்றியது. முதல் தங்க நட்சத்திரம், அதாவது முதல் வீரர் பட்டம், இதற்குத்தான். 1945 ஜனவரியில், விஸ்துலாவின் மேற்குக் கரையில் பிடித்து வைத்திருந்த மக்னுஷேவ் பாலமுகத்திலிருந்து கிளம்பி இரண்டரை வாரத்தில் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி ஓடர் ஆற்றுக்கு வந்தது. இப்போது அவருக்கு ஒளியத் தேவையில்லை, வழியில் கோட்டை நகரம் வந்தால் சுற்றிக்கொண்டு போனார். போஸ்னானைக் காலாட்படையிடம் விட்டுவிட்டுப் பறந்தார்கள். குசக்கோவ்ஸ்கியின் பிரிகேட் ஒன்று ராத்திரியில் மெசெரிட்ஸ் கோட்டை வரிசையின் தடுப்பை நீக்கி உள்ளே நுழைந்துவிட்டது. பின்னால் வழி அடைபட்டது, மீதிப் படை வந்து சேரும்வரை உள்ளேயே மாட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள்.

மார்ச்சில் கிழக்குப் பொமரேனியாவில் இந்த ராணுவத்தைக் கொஞ்ச நாள் ரொக்கசோவ்ஸ்கிக்குக் கடன் கொடுத்தார்கள். 1941 ஜூனில் பெயருக்கு மட்டும் டாங்கி இருந்த டிவிஷனுக்கும் அவர்தான் மேலதிகாரி, மாஸ்கோவுக்கு முன்னால் வொலகலாம்ஸ்க் சாலையிலும் அவர்தான். மூன்றாம் முறை சேர்ந்தது கிடீனியா பக்கம்.

சித்திரைவெயில்:
அப்போ பெர்லின்? முதலில் நுழைந்தவர் இவர்தானா?

கணக்குப்பிள்ளை:
நுழையச் சொன்னார்கள். ஏப்ரல் 20 அன்று ஜுக்கோவ் கத்துக்கோவுக்கும் ராணுவக் குழு உறுப்பினர் போப்பெலுக்கும் அனுப்பிய உத்தரவு வெளியாகியிருக்கிறது. ஒவ்வொரு கோரிலிருந்தும் சிறந்த பிரிகேடை அனுப்பு, 21ஆம் தேதி காலை 4 மணிக்குள் எந்த விலை கொடுத்தாவது பெர்லின் ஓரத்தைத் தொடு, உடனே தகவல் சொல், ஸ்டாலினுக்கும் பத்திரிகைகளுக்கும் அறிவிக்க வேண்டும். பத்திரிகைகளுக்கு! தெற்கே இன்னொரு சோவியத் தளபதி கோனெவ் பெர்லினை நோக்கி முந்திக்கொண்டிருந்தார், அதுதான் அவசரம்.

அதற்கு முன், பெர்லினுக்குக் கிழக்கே உள்ள சீலோ மேட்டில் 16ஆம் தேதியே, காலாட்படை வழி திறப்பதற்குள், இவருடைய ராணுவத்தை சுய்க்கோவின் 8ஆவது கார்ட்ஸ் ராணுவத்தின் முதுகில் ஏற்றிவிட்டார் ஜுக்கோவ். ஒரே சாலைகளில் இரண்டு ராணுவம். அப்புறம் தெருச் சண்டை. மாடியிலிருந்தும் நிலவறையிலிருந்தும் பான்சர்ஃபாஸ்ட் (ஒருவரே கையில் ஏந்திச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம்), டாங்கிக்காரர்கள் கம்பி வலையைக் கட்டிக்கொண்டு போனார்கள். குர்ஸ்க்கில் வேண்டாம் என்றவர் இங்கே ஏன் சொல்லவில்லை?

தடமறிவோன்:
குர்ஸ்க்கில் அவர் சொன்னதைக் கேட்க மேலே ஓர் ஆள் இருந்தார், ‘காத்திருந்து அடிப்போம்’ என்று தர மாற்றுத் திட்டமும் இருந்தது. 1945 ஏப்ரலில் மேலே இருந்த ஜுக்கோவும் ஸ்டாலினும் இருவருமே அவசரத்தில் இருந்தார்கள். காத்திருப்போம் என்று சொல்ல அது நாளும் இல்லை. இரண்டாவது தங்க நட்சத்திரம் ஏப்ரல் 6 அன்றே, ஓடர் பாய்ச்சலுக்காக, வந்துவிட்டது. பெர்லினுக்காக வந்ததல்ல. என்னைக் கேட்டால் அந்தத் தேதி அவருக்கு நல்லதே செய்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சரி. 133ஐ ஏற்கமாட்டேன், மார்ஸ் தோல்வி, குர்ஸ்க்குக்கு முழு மதிப்பெண் தருகிறேன், விஸ்துலா–ஓடருக்கும். சீலோவுக்குத் தனி இழை திறக்கிறேன், சுய்க்கோவ் பின்னால் ஜுக்கோவ் மேல் வைத்த குற்றச்சாட்டையும் சேர்த்து. இங்கேயே இழுத்தால் கத்துக்கோவ் காணாமல் போய்விடுவார்.

பழுப்புக்காகிதம்:
திறந்ததும் இணைப்பை இங்கே போட்டுவிடுங்கள். இருப்புப்பாதை, அந்த மெசெரிட்ஸ் சம்பவத்தை நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுத முடியுமா? தடுப்பை எப்படி நீக்கினார்கள் என்று தெரிய ஆவல்.

இருப்புப்பாதை:
சாலைக்குக் குறுக்கே கான்கிரீட் குழிகளில் இரும்புத் தண்டவாளங்களை நட்டு வைத்திருந்தார்கள். இறங்கிப் பிடுங்கி எடுத்தார்கள். ஜெர்மன் காவல் அந்த இடத்தில் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை, அதனால் முடிந்தது. மீதியை வரைபடத்தோடு எழுதுகிறேன்.